வாத்து வேண்டாம், பாட்டும் வேண்டாம்

அக்கா: முதல்ல அந்த வாத்தை எடு.

தம்பி: எந்த வாத்தை?

அக்கா: எத்தனை வாத்து வளர்க்கிறே நீ? மோட்டார் டப்பா மேல மஞ்சளா ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கியே, அதைத்தான்.

தம்பி: அக்கா, அது வெறும் வாத்து இல்ல. எங்க கம்பெனியோட முகம்.

அக்கா: எங்கன்னா யாரு?

தம்பி: நாங்கதான்.

அக்கா: நாங்கன்னா?

தம்பி: நானும்... இந்த ஸ்க்ரூடிரைவரும். இப்போதைக்கு. ஆள் எடுத்துக்கிட்டே இருக்கோம்.

அக்கா: ரெண்டு வருஷமா எடுத்துக்கிட்டே இருக்கே. சரி, கேளு. வாத்து வேணாம். பாட்டும் வேணாம்.

தம்பி: பாட்டுமா! யாருக்கு வேணாம்?

அக்கா: கஸ்டமருக்கு.

தம்பி: இரு இரு... கஸ்டமர்னா சொன்னே? உட்காருக்கா. அய்யோ, ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். என் நாற்காலில உட்காரு.

அக்கா: கடைக்கு ஷட்டர் போடறதுக்கு முன்னாடியே வாங்கின நாற்காலியாச்சே இது.

தம்பி: சுத்தாத நாற்காலில உட்கார்ந்து எந்த முதலாளி முன்னுக்கு வந்திருக்கான்? சொல்லுக்கா. எந்த அம்மா? பையனா பொண்ணா? எத்தனை மாசம்?

அக்கா: டேய், நான் வேலைக்குப் போற வழியில வந்திருக்கேன். லேப் வாசல்ல இந்நேரம் வெறும் வயித்தோட பத்துப் பேர் என்னைத் திட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. சுருக்கமாச் சொல்றேன். இருபது வேணுமாம்.

தம்பி: இருபது நாள்ல வேணுமா? அஞ்சே நாள்ல தர்றேன்னு சொல்லு.

அக்கா: இருபது மோட்டார்டா! தொட்டில் ஆட்டற மோட்டார், இருபது!

தம்பி: அக்கா... என்னை ஒரு தடவை கிள்ளு. ஆ! அம்மா! மெதுவாக் கிள்ளக் கூடாதா? ஊருக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுத்து எடுத்து, உன் விரலே ஊசியாயிடுச்சு.

அக்கா: நம்பிட்டியா இப்ப?

தம்பி: நம்பிட்டேன். எனக்குத் தெரியும்கா. இந்த வாரம் ஏதோ நடக்கும்னு மனசு சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

அக்கா: உன் மனசு எந்த வாரம்தான் சொல்லாம இருந்துச்சு? மோட்டார் திரும்பி வந்தப்பகூட, மாதிரி பார்க்கத்தான் வாங்கினாங்க, அடுத்து மொத்தமா வாங்குவாங்கன்னு சொன்ன ஆளாச்சே நீ. சரி... அது என்ன ஆணியில?

தம்பி: எது?

அக்கா: நீலச் சட்டை.

தம்பி: அதுவா. எண்ணெய் துடைக்கிற துணி.

அக்கா: லிஃப்ட் கம்பெனி யூனிஃபார்ம் அது. இஸ்திரி போட்டு மாட்டியிருக்கே. எண்ணெய் துடைக்கிற துணிக்கு இஸ்திரி போடற முதலாளியை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.

தம்பி: ...பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டாருக்கா. லிஃப்ட் வேலைக்கு ஆள் பத்தலையாம். திரும்ப வர்றியான்னு கேட்டார். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும்.

அக்கா: என்ன சொல்லப் போறே?

தம்பி: தெரியல. சட்டையை மட்டும் இஸ்திரி போட்டேன்.

அக்கா: என்கிட்ட ஏன்டா சொல்லல?

தம்பி: சொன்னா உன் மூஞ்சி இப்படி ஆகும்னுதான். பாரு, ஆயிடுச்சு. அதெல்லாம் விடுக்கா! இருபது வந்தாச்சு, இனிமே எந்தச் சூப்பர்வைசர்? அந்தச் சட்டையை இப்பவே கிழிச்சுத் துடைக்கிற துணியாக்கிடறேன்.

அக்கா: பொறு, பொறு. கிழிக்காதே. அவங்க கேட்கிற மாதிரி செஞ்சு கொடுத்தாத்தான் இருபது.

தம்பி: என்ன கேட்கிறாங்க? வாத்துதானே... எடுத்துடலாம். மனசைக் கல்லாக்கிக்கிட்டு எடுத்துடறேன். ஆனா பாட்டு? என் சொந்தக் குரல்கா! தொண்டைக்கு மூணு நாள் ஓய்வு கொடுத்துப் பாடின தாலாட்டு.

அக்கா: கேட்டிருக்கேன். ஒரு தடவை கேட்டா மறக்காது. எவ்வளவு முயற்சி பண்ணினாலும் மறக்காது.

தம்பி: நன்றி.

அக்கா: அப்புறம், நிறம் வெள்ளையா இருக்கணும்.

தம்பி: வெள்ளையா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமே.

அக்கா: ...இருக்கட்டும். அப்புறம், நிக்காம ஆடணும்.

தம்பி: குழந்தை தூங்கினதும் தானா நிக்குமே. அதுதானே நம்ம சிறப்பே!

அக்கா: நிக்கக் கூடாதாம். ராத்திரி பகலா ஆடிக்கிட்டே இருக்கணுமாம்.

தம்பி: ராத்திரி பகலாவா? எந்தக் குழந்தைக்கா அது? தலை சுத்தாது?

அக்கா: தலை... அதெல்லாம் சுத்தாது.

தம்பி: பால் குடிக்கறப்போ?

அக்கா: பால் குடிக்காது.

தம்பி: பால் குடிக்காதா? டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுக்கா!

அக்கா: டாக்டர்தான் பார்த்துக்கிட்டே இருக்காரே...

தம்பி: ஐயோ பாவம். எடை எவ்வளவு இருக்கும்?

அக்கா: ரொம்பக் கம்மிடா. விரல் மாதிரி... ஒல்லியா.

தம்பி: விரல் மாதிரியா! சரி, ஒரு தொட்டில்ல ஒரு குழந்தைதானே?

அக்கா: ஒரு... நாப்பது.

தம்பி: நாப்பது குழந்தையா!

அக்கா: ஒரு தட்டுல நாப்பது வெக்கலாம்.

தம்பி: தட்டுலயா? அக்கா, இங்க பாரு. என்னைப் பாரு. பொய் சொன்னா உனக்குக் காது சிவக்கும். இப்ப தக்காளி மாதிரி இருக்கு. விருந்துல இனிப்பை வாயில வெச்ச பெரியம்மாகிட்ட, உங்க சுகர் இவ்வளவுன்னு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னவ நீ. கல்யாணமான மறுநாளே மாமியார் குழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னவ. உனக்கு எதுக்குக்கா இந்த வேலை? யாருக்கு இந்த இருபது?

அக்கா: ...எங்க லேபுக்கு.

தம்பி: லேபுக்கா? லேப்ல ஏது குழந்தை?

அக்கா: குழந்தை இல்லடா. ரத்தம்.

தம்பி: என்னது?

அக்கா: ரத்தம் எடுத்து டியூப்ல வெக்கிறோம்ல, அதை மெதுவா ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஆட்டாம விட்டா உறைஞ்சு கட்டியாகும். குலுக்கி ஆட்டினா ரத்த அணு உடைஞ்சு ரிப்போர்ட்டே தப்பாப் போகும். அதுக்குன்னு மெஷின் இருக்கு. எங்களோடது மாசத்துக்கு ரெண்டு தடவை படுத்துக்கும். உன் மோட்டார் அதைவிட நல்லா ஆட்டுது.

தம்பி: உனக்கு எப்படித் தெரியும், நல்லா ஆட்டுதுன்னு?

அக்கா: தெரியும்.

தம்பி: எப்படித் தெரியும்?

அக்கா: டேய், நேரமாச்சு. சரின்னு சொல்லு, நான் கிளம்பறேன்.

தம்பி: முடியாது.

அக்கா: என்ன முடியாது?

தம்பி: நான் தொட்டில் செய்யறவன்கா. விசிட்டிங் கார்டைப் பாரு... 'உலகத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும்'னு போட்டிருக்கேன். ரத்தத்துக்கும்னு எங்க போட்டிருக்கு? லிஃப்ட் வேலை செஞ்சப்போ ஒரு அம்மா குழந்தையோட ஏறினாங்க. பத்தாவது மாடி போறதுக்குள்ள அது தூங்கிடுச்சு. லிஃப்ட் நிக்கறப்ப வயித்துல குலுங்காம நிறுத்தறோம்ல, அந்த வித்தையைத் தொட்டில்ல வெச்சா என்னன்னு அன்னிக்குத் தோணுச்சு. அதுதான்கா நான். அதை எடுத்துக்கிட்டுப் போய் டியூபை ஆட்டச் சொல்றியே!

அக்கா: உலகத்துக் குழந்தைங்க கேட்டாங்களாடா உன்கிட்ட? வாங்கினவங்க முக்கால்வாசிப் பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க. நீதான் அதுக்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடிச்சே. ஒரு வீட்டுல சுவர் சரியில்லைன்னே, ஒரு வீட்டுல குழந்தை சரியில்லைன்னே!

தம்பி: மூணு பேர் கொடுக்கலையே! அந்த மூணு குடும்பத்தை நெனச்சுத்தான் நான் தினமும் ஷட்டரைத் தூக்கறேன். நீதானே வித்துக் கொடுத்தே? உன் தோழி ஒருத்தி, அவ நாத்தனார், அப்புறம் யாரோ தெரிஞ்சவங்க. எப்படி இருக்குன்னு கேட்டப்பல்லாம் என்ன சொன்னே? ஒரு நிமிஷம்கூட அழறதில்லைன்னு சொல்லல?

அக்கா: சொன்னேன். உண்மைதானே அது.

தம்பி: பின்ன?

அக்கா: ரத்தம் எங்கடா அழும்?

தம்பி: ...அக்கா.

அக்கா: ம்.

தம்பி: அந்த மூணும் எங்க இருக்கு?

அக்கா: எங்க லேப்ல ஒண்ணு. தோழி வேலை செய்யற லேப்ல ஒண்ணு. அவ நாத்தனார் லேப்ல ஒண்ணு.

தம்பி: ஒரே குடும்பத்துல எத்தனை பேர்தான் ரத்தம் எடுப்பீங்க! வாத்தோடவா இருக்கு?

அக்கா: வாத்தோட. பாட்டோட. காலையில சுவிட்சைப் போட்டா நீ பாட ஆரம்பிச்சிடறே. பெரிய டாக்டரே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கிட்டுப் போறார். போன வாரம் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர் நாற்காலிலயே குறட்டை விட்டுத் தூங்கிட்டார். எழுப்பி அனுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அதான் பாட்டு வேணாங்கறாங்க.

தம்பி: தூங்கிட்டாரா?

அக்கா: அசந்து தூங்கினார்.

தம்பி: அப்ப பாட்டு வேலை செய்யுது! அக்கா, கவனிச்சியா? வேலை செய்யுது! பெரியவங்களுக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சா என்ன? முதியோர் தொட்டில்! உலகத்தின் எல்லாத் தாத்தாக்களுக்கும்...

அக்கா: டேய்! முதல்ல இந்த இருபதை முடிடா!

தம்பி: கோவப்படாதே. என்கிட்ட ஏன் மறைச்சே? அதைச் சொல்லு.

அக்கா: சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா? இப்ப எப்படிக் குதிச்சே பார்த்தியா? உனக்கு அந்த ஐடியாதான் குழந்தை. அதைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மடியில தூக்கி வெச்சுக்கறே. அதான்... முதல்ல அது அங்க நல்லா ஓடட்டும்னு விட்டேன். உன் மோட்டாருக்கு வேண்டி ரிப்போர்ட்ல விளையாடினேன்னு மட்டும் நினைக்காதே. பழைய மெஷின்லயும் வெச்சேன், உன்னோடதுலயும் வெச்சேன். பெரிய டாக்டரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ரெண்டுலயும் ஒரே முடிவு வந்தப்புறம்தான் விட்டேன்.

தம்பி: நீ பார்க்காம விடுவியா...

அக்கா: எங்க லேபுக்கு இருக்கிற எல்லாக் கிளைக்கும் உன்னோடதுதான் வேணும்னு பெரிய டாக்டரே வாய்விட்டுச் சொல்லிட்டார்டா. செய்யறது யாருன்னு கேட்டார். என் தம்பின்னு சொன்னேன். எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா! நீ என்னடான்னா நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கே.

தம்பி: ...வாத்தை அடியில ஒட்டிக்கலாமா?

அக்கா: எங்க?

தம்பி: டப்பாவுக்கு அடியில. யாருக்கும் தெரியாது.

அக்கா: யாருக்கும் தெரியலைன்னா எதுக்குடா?

தம்பி: எனக்குத் தெரியுமே.

அக்கா: ஒட்டிக்கோ. இருபதுலயும் ஒட்டிக்கோ. மகராசனா இரு. அப்ப சரியா? செய்யறேதானே?

அத்தான்: என்ன மச்சான், ஷட்டர் பாதிதான் திறந்திருக்கு? நல்லா இடிச்சுக்கிட்டேன்.

தம்பி: வாங்க அத்தான், வாங்க. குனிஞ்சு வரணும். கையில என்ன மூட்டை?

அத்தான்: உங்க அக்காதான் போன்ல சொன்னா. டாக்டர்கிட்ட காட்டணும், வீட்டுல இருக்கிற உன் மோட்டாரை எடுத்துட்டு வாங்கன்னு. பரண் மேல ஏறி, தும்மித் தும்மி எடுத்துட்டு வர்றேன். இந்தா.

அக்கா: பரண்லேர்ந்தா? என்னங்க, நான் சொன்னது அலமாரில இருக்கிறதை! புதுசு! இதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?

அத்தான்: ரெண்டு இருக்கா?

தம்பி: அட, இது என்னோட முதல் மோட்டார்! உங்க குட்டிம்மா பிறந்தப்போ கொடுத்தது. இதுலதானே அவ சொகமாத் தூங்கினா?

அத்தான்: யாரு, குட்டிம்மாவா? இதுலயா?

அக்கா: என்னங்க, லேபுக்கு நேரமாச்சு, வாங்க போகலாம்.

அத்தான்: இரு. இதுலயா தூங்கினா! மச்சான், ஒரு நிமிஷம்கூடக் கண் மூடல அவ. இது ஒவ்வொரு தடவை திரும்பறப்பவும் ஒரு குலுக்கு குலுக்கும், அவ வீல்னு கத்துவா. ஒரு குலுக்கு, ஒரு கத்து. கடைசில மோட்டாரைக் கழட்டிட்டு, என் கால் கட்டைவிரல்ல கயித்தைக் கட்டிப் பாட்டுப் பாடி ஆட்டினேன். விரல் வீங்கினது வீங்கினதுதான்...

அக்கா: என்னங்க!

அத்தான்: என்ன? ...ஓ. சொல்லக் கூடாதோ?

தம்பி: சொல்லிட்டீங்க.

அத்தான்: நான் வேணா வெளிய நிக்கட்டுமா?

அக்கா: ஒண்ணும் வேணாம். நில்லுங்க. ஒருநாள் தெரிஞ்சுதானே ஆகணும். ஆமாம்டா. பொய்தான். மறுநாள் காலையில நீ வந்து நின்னே. முகத்துல அவ்வளவு ஆசை. நல்லாத் தூங்கினாளான்னு கேட்டே. என்னால முடியலடா... அருமையாத் தூங்கினாடான்னு வாய்ல வந்துடுச்சு. சரி, சந்தோஷப்பட்டுட்டுப் போகட்டும்னு நெனச்சேன். நீ ஒரே வாரத்துல வேலையை விட்டுட்டேன்னு வந்து நிக்கறே!

அத்தான்: அன்னிக்கு இவ சாப்பிடவே இல்ல மச்சான்.

அக்கா: எப்படி இறங்கும்? என் ஒரு வார்த்தையை நம்பித்தானே விட்டான்? அப்புறம் நீ செஞ்சு செஞ்சு கொண்டுவந்து காட்டினதைப் பார்த்தேன். ஒண்ணைவிட ஒண்ணு மெதுவா ஆடுச்சு. கடைசியா கொண்டுவந்ததுல ஒரு டம்ளர் தண்ணியை வெச்சுப் பார்த்தேன். திரும்பற இடத்துல தண்ணி அலைகூட அடிக்கல. எங்க மெஷின் படுத்தன்னிக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. எப்படியாவது உன் தொழில் நிக்கணும்னுதான்டா... டேய், என்ன சிரிக்கறே?

தம்பி: ஒண்ணுமில்ல.

அக்கா: சிரிக்காதே. திட்டு. நாலு வார்த்தை திட்டிடு, எனக்கு நிம்மதியா இருக்கும்.

தம்பி: அத்தான், நீங்க அன்னிக்குப் பாடின பாட்டு ஞாபகம் இருக்கா?

அத்தான்: ஏதோ வாய்க்கு வந்ததைப் பாடினேன். ஏன்?

தம்பி: என் மோட்டார்ல வர்ற பாட்டு அதுதான்.

அத்தான்: அட! கேட்டாப்பலயே இருக்கேன்னு பார்த்தேன்... இரு மச்சான். நான் பாடினது உனக்கு எப்படித் தெரியும்?

தம்பி: அன்னிக்கு ராத்திரி உங்க ஜன்னலுக்குக் கீழதான் நின்னேன். என் மெஷின் எப்படி ஆடுதுன்னு கேட்கலாம்னு வந்தேன். குலுக்கு, கத்து, குலுக்கு, கத்து... எல்லாம் கேட்டுச்சு. எந்த இடத்துல குலுங்குதுன்னு அவ கத்தினதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். அப்புறம் நீங்க பாடினீங்க, அவ தூங்கிட்டா. சரி, பாட்டையும் சேர்த்துடலாம்னு வீட்டுக்குப் போயிட்டேன்.

அக்கா: அப்ப... உனக்குத் தெரியுமா? அன்னிக்கே தெரியுமா?

தம்பி: தெரியும்.

அக்கா: தெரிஞ்சுமா வேலையை விட்டே? பைத்தியமாடா நீ? குழந்தை தூங்கவே இல்லைன்னு தெரியும், நான் சொன்னது பொய்னும் தெரியும், அப்புறம் எந்தத் தைரியத்துலடா விட்டே?

தம்பி: மாமியார் குழம்புக்குக்கூடப் பொய் சொல்லாதவ நீ. அன்னிக்குக் காலையில கண்ணெல்லாம் செவந்துபோய்க் கதவைத் திறந்தே, காது ரெண்டும் தக்காளி மாதிரி இருந்துச்சு, அருமையாத் தூங்கினாடான்னு எனக்காகச் சொன்னே. அவ்வளவுதான்கா. அந்த ஒரு பொய்யை உண்மையாக்காம விடறதில்லைன்னு அந்த வாரமே போய் வேலையை விட்டுட்டேன்... அழாதே, லேப்ல காத்துக்கிட்டு இருப்பாங்க. போறப்போ அந்த நீலச் சட்டையை எடுத்துக் கொடு, கையெல்லாம் எண்ணெய், துடைக்கணும்.